வரைபடத்தில் இடமில்லாத வீடு: சென்னையின் வளர்ச்சித் திட்டமும் எளியோர் குடியிருப்பும்

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தோடு வெளியான நிலப் பயன்பாட்டு வரைபடத்தை ஒருமுறையேனும் விரித்துப் பார்க்குமாறு சட்டக் கல்லூரி மாணவர்களிடம் நாங்கள் தொடர்ந்து சொல்லி வருகிறோம். 2008ஆம் ஆண்டு அரசின் ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. எளியோர் குடியிருப்புக்கென ஒரு நிறம் கிடையாது. நான்கு கோடி ரூபாய் அடுக்குமாடி வீடும் 200 சதுர அடி வீடும் ஒரே குடியிருப்பு மண்டலத்தில், ஒரே சந்தையில் நிலத்துக்குப் போட்டியிட வேண்டும். கால்வாய் ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் மூன்று தலைமுறைகளாக இருக்கும் வீடுகளோ குடியிருப்பு நிறத்துக்குள்ளேயே வருவதில்லை. அவை நீர்நிலையின் நிறத்தில் கரைந்துபோகின்றன. வரைபடத்தின்படி அங்கே எவரும் வசிக்கவில்லை.

நகரில் எளியோர்க்கு வீடில்லை என்னும் பேச்சு எழும்போதெல்லாம் மக்கள்தொகைப் பெருக்கமும் நிதிப் பற்றாக்குறையும் காரணமாகக் காட்டப்படுகின்றன. யாருடைய வீட்டுக்கு எந்த நிலம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யும் ஆவணம் வளர்ச்சித் திட்டம்தான் என்பது இந்தப் பேச்சில் மறைந்துபோகிறது. அந்த ஆவணம் மூன்றாம் முறையாக இப்போது எழுதப்படுகிறது. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் 'பற்றாக்குறை' என்ற சொல். 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் குறைவாக உள்ளன என்று 2012இல் மதிப்பிட்டது. அந்தக் குறையில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது. அதே காலத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியாவில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.1 கோடிக்கும் மேல். இந்த முரண் பலருக்கும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத இன்னொரு விவரமும் அந்த அறிக்கையில் இருக்கிறது. 1.88 கோடியில் ஏறத்தாழ 1.5 கோடி நெரிசலின் கணக்கு. தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்கள் அதில் சிறு பகுதியினர். மிகப் பெரும்பான்மையோர் ஒரே அறையில் பெற்றோர், மணமான மகன், அவன் பிள்ளைகள் என நெருங்கி வாழ்வோர். இவர்களுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. தேவைப்படுவது அந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, கூடுதலாக ஓர் அறை. அவர்களை அங்கிருந்து பெயர்த்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கிவிடுவது பற்றாக்குறைக்கான விடையே ஆகாது.

'மலிவு விலை வீடு' என்பதும் இதே போன்ற ஒரு சொல்தான். சரக்கு மற்றும் சேவை வரியில் 2019 முதல் 1 விழுக்காட்டுச் சலுகை பெறும் மலிவு விலை வீட்டின் உச்சவரம்பு 45 லட்சம் ரூபாய். சென்னை போன்ற பெருநகரங்களில் பரப்பு 60 சதுர மீட்டர் வரை. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கணக்கில் பொருளாதாரத்தில் நலிந்த குடும்பம் என்பது ஆண்டு வருவாய் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பம். உண்ணாமல், உடுத்தாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் பதினைந்து ஆண்டுகள் முழு வருவாயையும் சேர்த்தால்தான் அக்குடும்பத்தால் அந்த 'மலிவு விலை' வீட்டை வாங்க முடியும். ஒரே அரசின் இரண்டு வரையறைகள் இவை.

சென்னைக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு இத்துறையில் பெருமைப்படத்தக்க ஒரு தொடக்கம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971இல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் ஒரு பகுதி குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டால் அங்கே வசிப்பவரை உரிய அதிகாரியின் முன்னனுமதி இன்றி எவரும் வெளியேற்ற வழக்கிட முடியாது. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு போன்ற மேம்பாட்டுப் பணிகளையும் அரசு செய்ய முடியும். அந்த ஆண்டில் சென்னையில் 1,202 பகுதிகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அவ்வளவுதான். அதன்பின் நகரம் எத்தனை மடங்கு விரிந்தது, எத்தனை கால்வாய்க் கரைகளில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் குடியேறின என்பதெல்லாம் ஒருபுறம் இருக்க, சட்டப்படியான அறிவிப்புகள் நின்றுபோயின. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகரின் 46 லட்சம் மக்களில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். அறிவிக்கப்படாத பகுதியில் வாழ்பவருக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அவர் சட்டத்தின் கண்ணில் 'ஆக்கிரமிப்பாளர்' மட்டுமே. எங்களிடம் நோட்டீஸோடு வருபவர்களின் பகுதி அந்த 1,219இல் ஒன்றா என்பதைத்தான் நாங்கள் முதலில் தேடுகிறோம். பெரும்பாலும் இருப்பதில்லை.

சட்டத்தைத் திருத்தவோ நீக்கவோ இல்லை. பயன்படுத்துவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். உரிமைகளைக் கொல்ல இதைவிட ஓசையற்ற வழி இல்லை.

2000ஆம் ஆண்டு முதல் நகரின் தென்கோடி, 'மறுகுடியமர்வு' என்னும் பெயரில் வேறொன்றாக மாறியது. கண்ணகி நகரில் 15,656 குடியிருப்புகள், செம்மஞ்சேரியில் 6,734, பின்னர் பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். முதலில் கட்டப்பட்டவற்றில் பல ஏறத்தாழ 200 சதுர அடி அளவே கொண்டவை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று கூறி அகற்றப்பட்டவர்கள் சதுப்புநிலத்தின் ஓரத்தில் வெள்ளத்தை எதிர்கொண்டார்கள். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் வந்தவர்களின் வேலை நகருக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் விடியுமுன் பேருந்து ஏறினார்கள். பலர் வேலையையே இழந்தார்கள். கல்வியாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் புதிய பள்ளியில் சேர்ந்தார்கள் என்பதை அங்கே பணிபுரிந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலை விண்ணப்பத்தில் வேறு முகவரி எழுதுகிறார்கள். 'கண்ணகி நகரா?' என்ற கேள்வியில் உள்ள தொனி நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 'எந்தத் தெரு?' என்று கிராமத்தில் கேட்கப்படும் அதே கேள்விதான் அது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வருகிறது என்பார்கள். நல்ல நோக்கமுள்ள தோழர்களும் கேட்கிறார்கள். சென்னை என்பது வெற்று நிலத்தில் எழுந்த நகரமன்று. ஊரும் சேரியுமாகப் பிரிந்திருந்த பல கிராமங்களை விழுங்கி வளர்ந்த நகரம். பழைய கிராம வரைபடங்களில் ஊர் நத்தம் ஓரிடத்திலும் சேரி நத்தம் வேறிடத்திலும் இருக்கும். சேரி பெரும்பாலும் தாழ்வான, நீர் தேங்கும், எவரும் விரும்பாத இடத்தில் இருக்கும். ஊரிலிருந்தவருக்குப் பட்டா இருந்தது. சேரியிலிருந்தவருக்குப் பல இடங்களில் அனுபோகம் மட்டுமே இருந்தது. நகரம் வந்தபோது பட்டா சொத்தாயிற்று. அனுபோகம் ஆக்கிரமிப்பாயிற்று. நீர்நிலைக் கரையில் தலித்துகள் ஏன் வாழ்ந்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமலேயே, நீர்நிலைக் கரையில் வாழ்ந்தது குற்றம் என்ற முடிவுக்கு நிர்வாகம் வந்துவிடுகிறது.

வருவாய்த்துறை இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறது: 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. ஆட்சேபணை யாருக்கு எதிராக மட்டும் எழுகிறது என்பதற்கு பக்கிங்காம் கால்வாயே சான்று. கால்வாயை ஒட்டியும் அதன் படுகைக்குள்ளேயும் தூண்களை நிறுத்தித்தான் பறக்கும் ரயில் பாதை அமைக்கப்பட்டது. அதே கால்வாயின் கரையில் இருந்த குடிசைகள் நீரோட்டத்துக்குத் தடை எனப்பட்டன. ரயில் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. நீர்நிலைகள் மீட்கப்பட வேண்டும் என்பதிலும் எங்களுக்கு ஐயமில்லை. வெள்ளத்தில் முதலில் மூழ்குபவர்கள் எம் மக்களே. ஒரே கால்வாய்க்கு இரண்டு அளவுகோல் ஏன் என்பதே கேள்வி.

அந்தக் கால்வாய்க் கரையில்தான், 2022 மே மாதம், இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற ஆணையின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன்பின் அப்பகுதி மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்படும் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் அது வெளிப்படுத்திய உண்மையை நாம் உற்றுநோக்க வேண்டும். நகருக்குள் இடமில்லை என்பதுதான் இருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த காரணம். ஓர் உயிர் போன பிறகு, நடந்து செல்லும் தொலைவில் இடம் இருந்தது. அந்த இடம் அதற்கு முந்தைய வாரமும் அங்கேதான் இருந்தது.

இனி, திட்டத்தின் உள்ளே எளியோர்க்கென இருப்பதாகக் கூறப்படும் விதிகளைப் பார்ப்போம். இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகளில் நல்ல விதி ஒன்று இருந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு கட்டுவோர், அதில் குறைந்தது 10 விழுக்காட்டு நிலத்தைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்கி, 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளை அதே மனையிலோ 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ கட்டித்தர வேண்டும் என்பது அது. ஏட்டில் இது புரட்சிகரமானது: பழைய மாமல்லபுரம் சாலையின் ஒவ்வொரு பெரிய வளாகத்தின் அருகிலும் அங்கு வேலை செய்யும் துப்புரவுப் பணியாளருக்கும் காவலாளிக்கும் வீடு இருந்திருக்க வேண்டும். விதி வீட்டின் அளவைத்தான் கட்டுப்படுத்தியது, விலையைக் கட்டுப்படுத்தவில்லை. 45 சதுர மீட்டர் வீட்டைச் சிறிய சொகுசு வீடாகச் சந்தை விலைக்கு விற்பதில் என்ன தடை? பின்னர் வந்த விதிகள், ஒதுக்கீட்டுக்குப் பதிலாக உறைவிடக் கட்டணம் செலுத்தி விலகிக்கொள்ளும் வழியையும் திறந்துவிட்டன. கட்டணம் நிதியத்துக்குப் போகும். நிதியம் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் கட்டும். அது எங்கே என்பது நமக்குத் தெரியும். வளாகத்துக்குள் வந்திருக்க வேண்டிய தலித் குடும்பத்தை வெளியே நிறுத்துவதற்கான விலையே இந்தக் கட்டணம் என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்தது தளப்பரப்புக் குறியீடு. ஒரு மனையில் எத்தனை மடங்கு பரப்புக்குக் கட்டலாம் என்பதன் அளவு அது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் கூடுதல் பரப்பு கட்டலாம். எவ்வளவு கூடுதல் என்பதைத் தீர்மானிப்பது மனைக்கு முன்னுள்ள சாலையின் அகலம். 18 மீட்டர் சாலையில் இருப்பவருக்கு அதிக உரிமை, 9 மீட்டர் சாலையில் இருப்பவருக்குக் குறைவு, சந்தில் இருப்பவருக்கு இல்லை. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் சேரிக்கு எந்தக் காலத்திலும் எவரும் அகலமான சாலை போட்டதில்லை. புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ சந்துக்குள் சொந்தப் பட்டா வைத்திருக்கும் தலித் குடும்பத்தால், மகனுக்கென ஒரு மாடி எழுப்பச் சட்டப்படி அனுமதி பெறுவது அரிது. அவர்கள் எழுப்பும் மாடி 'விதிமீறல்' ஆகிறது. சாதி என்ற சொல் எங்கும் இடம்பெறாத ஒரு விதி, சாதியால் அமைந்த தெருவின் அகலத்தை அப்படியே உரிமையின் அளவாக மாற்றிவிடுகிறது. திட்டமிடல் பயிலும் மாணவர்கள் எவரேனும் இதை ஆய்வுப் பொருளாக எடுத்தால் நாங்கள் மகிழ்வோம்.

இருக்கும் இடத்திலேயே பழைய அடுக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தரும் பணியை, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அதே வாரியம் செய்துவருகிறது. நாம் கேட்கும் திசை அதுவே, ஆதரிக்கிறோம். குறைகளையும் சொல்ல வேண்டும். கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்கக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தரப்படுகிறது. பணி 18 மாதம் நடந்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்த வாடகைக்குச் சென்னையில் வீடு இல்லை. இருந்தாலும் பட்டியல் சாதியினருக்குத் தருவதில்லை. முன்பணத்தோடு ஆளும் வந்து நின்ற பிறகு, 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்று கதவு மூடப்படும் அனுபவம் இக்கட்டுரையை எழுதும் எங்களில் வழக்கறிஞர் அங்கி அணிந்தவர்களுக்கும் உண்டு. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கைபட்டதும் பூச்சு உதிர்ந்த சுவர்களையும் நாம் மறந்துவிடவில்லை.

நீதிமன்றம் உதவுமா என்று கேட்கிறார்கள். ஓரளவு. 1985 ஜூலையில், மும்பை நடைபாதைவாசிகளைப் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் கூறியது. கூறிவிட்டு வெளியேற்றத்தையும் அனுமதித்தது. சென்னைக் குடிசைவாசிகளுக்காக அன்றைய வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அப்போதே முடிவுக்கு வந்தது. மாற்றிடம் தந்த பின்னரே தமிழ்நாடு அரசு மக்களை அகற்றும் என்று நீதிமன்றம் நம்பிக்கை தெரிவித்தது. அந்த மாற்றிடம் எவ்வளவு தொலைவில் என்பதை எவரும் கேட்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து நிலவுடைமையாளர்கள் தொடுத்த சமேலி சிங் வழக்கில்தான், 1996ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் காணலாம், உறைவிடம் என்பது வெறும் கூரையன்று, மனிதன் உடலாலும் மனத்தாலும் வளர்வதற்கான இடம் என்ற விளக்கம் வந்தது. எம் மக்களின் வீட்டுமனை வழக்கொன்றே இந்நாட்டின் உறைவிட உரிமைக்கு விரிவான பொருளைத் தந்தது என்பதைச் சட்ட மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2019இல் அஜய் மாக்கன் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம், மக்களோடு பொருளுள்ள கலந்தாலோசனை நடத்தாமல் வெளியேற்றக் கூடாது என்றது. இவை நம் கையிலுள்ள கருவிகள். ஆனால் புல்டோசர் வந்த காலையில் தடையாணை கேட்டு ஓடுவதைவிட, நிலத்தின் நிறம் முடிவாகும் நாளில் எதிர்ப்பைப் பதிவுசெய்வது பயன் மிக்கது.

அந்த நாள் நெருங்குகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கி 2022இல் அரசாணை வெளியானது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதிகளோடு அரக்கோணம் வட்டாரமும் இதில் அடங்கும். இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைதான், 1892இல் பஞ்சமி நிலங்களை ஒதுக்கிய அரசாணைக்கு வழிவகுத்தது. அந்த நிலங்களுக்காகக் காரணையில் தொடங்கிய போராட்டத்தின்போது, 1994 அக்டோபரில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் இதே மண்ணில்தான். பட்டியல் சாதியினர் அல்லாதோருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலங்கள் 1980களின் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது தனியார் பெயர்களுக்கு மாறிய வரலாற்றை நாம் அறிவோம். இன்று அவற்றில் பல தரிசாகவோ வேளாண் நிலமாகவோ கிடக்கின்றன. முழுமைத் திட்டம் அவற்றைக் குடியிருப்பு மண்டலம் என்று நிறம் மாற்றிய மறுநாள் ஏக்கரின் மதிப்பு பன்மடங்காகும். அதன்பின் அதில் மனைப்பிரிவு வரும், வங்கிக் கடன் வரும், வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் வரும். நூறு குடும்பங்கள் குடியேறிய நிலத்தை மீட்கும் வழக்கு எப்படிப் போகும் என்பதை எங்கள் அனுபவத்தில் சொல்கிறோம்: போகாது.

ஆகவே பணி இப்போதே தொடங்க வேண்டும். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி, வரைவுத் திட்டத்துக்கு அரசு இசைவளித்த பின் அறிவிப்பு வெளியிட்டு, இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலத்துக்குள் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் கேட்க வேண்டும். எவர் வேண்டுமானாலும் தரலாம். நிலவுடைமை தேவையில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 'ஏழைகளுக்கு வீடு வேண்டும்' என்று பொதுவாக எழுதப்படும் மனுக்கள் கோப்பில் போய்ச் சேரும். புல எண்ணோடு எழுதப்படுவனவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி உண்டு.

எனவே ஒவ்வொரு பகுதிக்கும் தேவைப்படுவது புல எண், குடும்ப எண்ணிக்கை, குடியிருப்பின் வயதுக்கான சான்று: பழைய மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல். அந்தப் புலம் எளியோர் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்றும், 1971 சட்டத்தின்கீழ் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட வேண்டும் என்றும் இரு கோரிக்கைகளையும் தனித்தனி மனுவாக, முன்னதைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் பின்னதை அரசுக்கும், அனுப்புவது நல்லது. விரிவாக்கப் பகுதிகளில் கிராம 'அ' பதிவேட்டின் பழைய நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று, பஞ்சமி எனக் குறிக்கப்பட்ட புல எண்களை வரைவு வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். 30 நாள் கெடு தாண்டி மேல்முறையீடு வரை இழுக்கும் என்பதால் அறிவிப்பு வெளியாகும்வரை காத்திருந்தால் காலம் போதாது. 200 குடும்பங்கள் உள்ள ஒரு பகுதியைப் பத்து மாணவர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கெடுத்துவிடலாம். பதிவேட்டு நகல் கேட்கும் விண்ணப்பத்தைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.